எண்ணெய்ப் பாண்

கறுப்புப் பாண் ரொட்டியின் புளிப்பு, எலுமிச்சைத் தோலின் மணம், அவற்றின்மேல் அடித்து நுரைத்த பாலாடையின் குளிர். நாற்பது ஆண்டுகளை நெருங்கியும் என் நாவை விட்டு அகலாத இச்சுவையைப் பற்றி எழுதியே தீரவேண்டிய கடப்பாடு சென்ற மாதம் என்மீது விழுந்தது. ஹம்பேர்க்கில் எங்கள் வீட்டில் தந்தையாரின் நினைவுநாளுக்குக் கூடிய உறவினரிடம் அம்மா, "மனுசன் சத்தியம் பண்ணினாப் பிறகு ஒரேயொருக்கால்தான் குடிச்சவர், அந்தக் கப்பலிலை" என்றார். தேநீர்த் தட்டுடன் அருகில் நின்ற நான் அடுத்தவருக்குக் கோப்பையை நீட்டினேன். அது உண்மையன்று என அறிந்தவர் இருவர், ஒருவர் இறந்துவிட்டார். மற்றவளான நான் எழுதாவிடில் அதுவே அவருடைய வரலாறாக நிலைத்துவிடும்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. ஜேர்மனிக்கு வந்த மூன்றாண்டுகளில் அந்நாட்டு மொழி எனக்கு வசப்பட்டிருந்தது. "அந்திராக்" எனப்பட்ட விண்ணப்பத்தாள்களை நிரப்புவதும், "தெர்மீன்" எனக் குறித்த நாளில் அலுவலகங்களில் பெற்றோருக்காகப் பேசுவதும் என் பணி. வீட்டில் என் வாசிப்பே முடிந்த முடிபு. அகதிகள் விடுதியில் இருந்த காலத்தில் மிகுதியாகக் குடித்த அப்பா, அம்மாவின் தலைமேல் கைவைத்து இனித் தொடுவதில்லை என்று சத்தியம் செய்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. பயணப் பத்திரம் கைக்கு வந்த அந்தக் கோடையில், கோபன்ஹேகனில் உணவகமொன்றிற் கோப்பை கழுவிக்கொண்டிருந்த அம்மாவின் தம்பியிடம் நான்கு நாள்கள் தங்கச் சென்றோம்.

படிகளே இல்லாமல் சுற்றிச் சுற்றிச் சரிவாக ஏறும் வட்டக் கோபுரத்தை நான் இருமுறை ஓடி ஏறினேன். உச்சியில் நின்றால் செம்பு பச்சையாய்க் களிம்பேறிய கூர்மாடங்கள் தெரிந்தன. வாய்க்காற் கரையில் மஞ்சளும் சிவப்புமாக ஒட்டி நின்ற வீடுகளுக்கு முன்னே, மாமா வாங்கித் தந்த சிவப்பு இறைச்சிக் குழல்களை விரல் சிவக்கத் தின்றேன். கடலோரப் பாறையில் அமர்ந்த கடற்கன்னிச் சிலையைக் கண்டதும் அப்பா, "இவவைப் பாக்கவே இவ்வளவு தூரம் வந்தனாங்கள்? எங்கடை பிள்ளையிலும் சின்னனாக் கிடக்கிறா" என்றார். அம்மா வாய்விட்டுச் சிரித்தார். அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்ததை நான் நெடுநாளைக்குப் பின் அன்றுதான் கண்டேன்.

புறப்படும் நாள் வெள்ளிக்கிழமை. வீட்டில் மரக்கறி நாள். மாமா வேலைக்குப் போயிருந்தார். நண்பகலிற் சிற்றுண்டிச் சாலையொன்றின் பலகையில் ஒரு சொல்லைக் கண்டேன். அதன் முற்பாதி ஜேர்மன் மொழியில் எண்ணெயைக் குறிக்கும் "ஓல்" போலவும், பிற்பாதி பாணைக் குறிக்கும் "புரோட்" போலவும் இருந்தன. ஜேர்மனியர் எழுத்தின்மேல் இரு புள்ளிகள் வைக்க, டேனியர் அதன் குறுக்கே ஒரு கோட்டை இழுத்திருந்தனர், அவ்வளவே. "எண்ணெய்ப் பாண், இறைச்சி இல்லை" என்று அறிவித்து மூவருக்கும் கேட்டேன். வந்ததோ மண்ணிறக் கூழ்.

"இது என்ன பாண்? கூழ் மாதிரியெல்லோ கிடக்கு" என்றார் அம்மா.

"எண்ணெயிலை ஊறப்போட்டுக் காய்ச்சினதம்மா. இஞ்சை எல்லாரும் சாப்பிடுறது" என்றேன். அறியாததை அறிந்தவள்போற் சொன்னேன்.

அப்பா ஒரு கரண்டி வாயில் வைத்தார்; முகத்தைத் திருப்பிக் கடுதாசித் துண்டில் உமிழ்ந்தார். "எனக்குப் பசிக்கேல்லை."

"அப்பாவுக்கு ஒண்டும் பிடியாது" என்றேன்.

"பிள்ளை வாசிச்சு எடுத்துத் தந்தது, சாப்பிட்டால் என்ன குறைஞ்சு போவியளே?" என்ற அம்மா, அவருடைய கிண்ணத்தையும் சேர்த்து உண்டு முடித்தார்.

வழியனுப்ப நிலையத்துக்கு வந்த மாமாவிடம் எண்ணெய்ப் பாணைப் பற்றிப் பெருமையடித்தேன். சொல்லை எழுதிக் காட்டச் சொன்னவர், கண்ணில் நீர் வரச் சிரித்து என் காதிற் சொன்னார்: "அடி விசரி! இவங்கடை மொழியிலை அது எண்ணெயில்லை, பியரடி. வெள்ளிக்கிழமையும் அதுவுமாக் கொம்மாவுக்குப் பியர்க்கூழ் பருக்கிப்போட்டாய். வாய் திறந்திடாதை, அக்கா என்னைத்தான் கொல்லுவா."

அக்காலத்தில் தொடர்வண்டி அப்படியே கப்பலின் வயிற்றுக்குள் நுழையும். பயணிகள் மேல்தளத்துக்கு ஏறிச் செல்வர். பியர்ப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு பலர் அங்கேயே குடித்தனர். அப்பா அவர்களிடையே தனியே சென்று, என் கண்பார்வையிலேயே கடலைப் பார்த்து நின்றுவிட்டு, ஒரு துளியும் தொடாமல் திரும்பினார்.

"இஞ்சாருங்கோ, மணக்குது. மத்தியானம் சாப்பாட்டைத் தள்ளினதும் இதுக்குத்தானே?"

"நான் தொடேல்லை."

"என்ரை தலையிலை கை வைச்செல்லோ சொன்னனீங்கள்!"

அப்பா என்னை ஒருமுறை பார்த்தார். கிண்ணத்தில் இருந்தது பியர் என்றும், சத்தியத்தைக் காக்கவே அவர் கரண்டியைக் கீழே வைத்தார் என்றும் நான் சொல்லியிருந்தால் போதும். என் வாசிப்புப் பிழையென்று ஒப்புக்கொள்ள மனமின்றி, கடற்பறவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன்பின் பல மாதங்கள், வேலை முடிந்து வரும் அப்பா வாசலில் நின்று, கேட்காமலே அம்மாவின் முகத்துக்கு நேரே ஊதிக் காட்டிவிட்டு உள்ளே வருவார். உள்ளேயிருந்து நான் அதனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று நான் நீதிமன்றங்களில் உண்மையாக மொழிபெயர்ப்பேன் என உறுதிமொழி கூறிய மொழிபெயர்ப்பாளர். தொடர்வண்டிகள் இப்போது கப்பலில் ஏறுவதில்லை; தரைவழியே சுற்றிப் போகின்றன. வாசலில் ஊதிக் காட்ட அப்பாவும் இல்லை.

நேற்று இதனை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்தவர், "அப்ப குடிச்சது நான்தானே?" என்றார். பிறகு, "அந்தாள் தெரிஞ்சும் ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டார். என் பிழை வெளிப்படாதிருக்கத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

டேனிய மொழியும் அந்நகரும் அறிந்தோர் இக்கட்டுரையிற் பிழை காணின் திருத்தியுதவுக. என் மனம் நோகுமே என்று எண்ணி, தெரிந்தும் பேசாதிருக்க வேண்டா.