கல் என்றால் நேற்று

ரொட்டியை முதுகில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்த பிறகுதான் காகிதத்தில் சுருட்டுவார் செய்கு அலாவுதீன். "இது வேகலை, அடுத்தது தாரேன்." வரிசை முனகும். அவர் காதில் விழாது. வளைகுடா நாட்டு முவைலாவில், ஆப்கானியர் குல் ஆகாவின் ரொட்டிக் கடைக்குக் கல்லாவும் அவர்தான், வாயும் அவர்தான்.

கீழக்கரைக்காரர். "இந்தி நமக்குத் தண்ணிபட்ட பாடு காக்கா" என்பார் ஊர் அண்ணன்மாரிடம். அந்த இந்தியில் பெண்ணும் ஆணாகிவிடுவாள். நேற்றா நாளையா என்பது அவர் வாய்க்கு வந்தபடி. பாதிக் குற்றம் அந்த மொழிமேல். இரண்டுக்குமே அதில் 'கல்'தான்.

எதிர்க்கடை ஹபீபுடையது. குல் ஆகாவின் சித்தப்பா மகன். கூட்டு வியாபாரம் முறிந்ததிலிருந்து இரு குடும்பமும் முகம் பார்ப்பதில்லை. போன நோன்பில், விசா இல்லாதவர்களைப் பிடிக்கச் செக்கிங் வரும் என்ற பேச்சு அடிபட்ட சமயம், ஹபீப் தெருவில் அலாவுதீனை ஓரங்கட்டி, "கல் செக்கிங்" என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். நேற்றே வந்து போய்விட்டார்களாம் என்று இவருக்கு ஏக நிம்மதி. முதலாளியின் தம்பி தாவூது விசா முடிந்து அறையில் பதுங்கியிருந்தார். ஆபத்து முடிந்தது, வேலைக்கு வரலாம் என்று அவருக்கு உடனே போன் போட்டார் அலாவுதீன். "செக்கிங் கலாஸ், பாய். யல்லா, ஜல்தி டூட்டிக்கு ஆவோ."

மறுநாள் செக்கிங் வந்தவர்கள் அடுப்பு வாயிலேயே தாவூதைப் பிடித்தார்கள். காபூலுக்கு ஏற்றிவிட்டார்கள். அங்கே அவரைத் தேடுகிறவர்களுக்குப் பயந்துதான் இங்கே ஓடிவந்திருந்தார். போனவரிடமிருந்து இதுவரை ஒரு போன் இல்லை.

காட்டிக்கொடுத்தது யார்? குல் ஆகாவின் மகள் பர்வானா துப்பறியும் கதைப் பைத்தியம். தெருவில் ஒருவர் விடாமல் விசாரித்தாள், அலாவுதீனைத் தவிர. அங்கிள் நம் ஆள் என்று விட்டுவிட்டாள். குற்றவாளி எதிர்க்கடைதான் என்று தீர்ப்பும் சொல்லியாயிற்று. அந்த வாரமே ஹபீப் கடைக் கண்ணாடி நொறுங்கியது. ஹபீப் சொன்ன 'கல்' நாளையைத்தான் என்று அலாவுதீனுக்கு இதற்குள் புரிந்துவிட்டது, வாயைத்தான் திறக்கவில்லை. பாவம் மனுஷன் என்று சொல்ல வாய் வருகிறது, மனசு வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஹபீபே கடைக்குள் ஏறி வந்துவிட்டார். "முதல் நாளே உன் ஆள்கிட்ட சொல்லி எச்சரிச்சேன். அவனையே கேளு."

குல் ஆகா திரும்பினார். "பாய், இவன் சொன்னானா?"

பர்வானா தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டு இவரையே பார்த்தாள்.

அலாவுதீன் கல்லாவைப் பார்த்தபடி, இல்லை என்று தலையாட்டினார்.