கால் வெட்டாத புறாக்கள்

கேதீஸ்வரன் அங்கிள் 1976-இல் எங்கள் நார்த்மீட் வீட்டுக் கராஜில் பதினொரு மாதம் இருந்தார். காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலையில் இயந்திரம் பூட்டும் பிற்றராக வேலை செய்தவர். கடல் கடந்து வந்தபின் இங்கே செவன் ஹில்ஸில் ஒரு பட்டறையில் அதே வேலை கிடைத்தது. இயந்திர வரைபடத்தை ஒரு தரம் பார்த்தால் போதும், எந்தத் துண்டு எங்கே பூட்டுவது என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஆங்கிலம் பேச மட்டும் வரவில்லை. யாரோடும் பேசி ஏதாவது முடிக்க வேண்டியிருந்தால் என்னைக் கூட்டிக்கொண்டு போவார். எனக்கு அப்போது பதினெட்டு வயது.

அவருடைய மனைவி சிவனேஸ்வரியும் இரண்டு பெண் பிள்ளைகளும் செப்டெம்பர் கடைசியில் வந்து இறங்குவதாக இருந்தது. அதற்குள் ஒரு வீடு வேண்டும். அம்மா அதை ஒளிக்காமல் சொல்லிவிட்டாள்.

"கேதீஸ், குறை நினைக்காதையும். நீர் ஒராள் எண்டபடியால் கராஜிலை படுத்தீர். குமர்ப்பிள்ளையள் ரெண்டை அதுக்குள்ளை வைச்சிருக்கேலாது."

"ஓம் அக்கா. நானும் பாக்கிறன்தானே."

ஆறு வீடுகள் பார்த்தோம். தொலைபேசியில் நான் பேசும்போது வீடு இருக்கும். வாசலில் அவரைக் கண்டதும் போய்விட்டிருக்கும். "வீடு வாடகைக்குப் போய்விட்டது" என்பார்கள். அடுத்த புதன்கிழமைப் பத்திரிகையில் அதே வீடு அதே விளம்பரத்தோடு வரும்.

அவருக்கு இந்த நாட்டில் ஒரே ஒரு இடத்தில் மதிப்பு இருந்தது. அது கெல்லிவில்லில் பாரெட் என்ற விவசாயியின் பட்டாணி வயல். அம்மாவுக்கு முட்டை வாங்கப் போன ஒரு சனிக்கிழமை, பாரெட் வயல் விளிம்பில் நின்று புறாக்களைச் சுட்டுச் சுட்டுத் தவறவிட்டுக்கொண்டிருந்தார். கேதீஸ்வரன் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். பாரெட்டுக்குக் கோபம் வந்தது. துவக்கை அவர் கையில் திணித்தார். இரண்டு வெடி, இரண்டு புறா. அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் துவக்கும் தோட்டாவும் அவருக்காக முட்டைக் கொட்டிலில் காத்திருந்தன. அவருடைய ஊரான வன்னியில் அவருக்குச் சொந்தமாக ஒரு துவக்கு இருந்ததாம். எழுபத்தொன்றுக் கிளர்ச்சியின்போது பொலிஸ் வாங்கி வைத்தது, திரும்பி வரவில்லை.

முட்டைக்காக நானும் போவேன். அவர் வேலை செய்யும் விதத்தைப் பார்த்திருக்கிறேன்.

பட்டாணி முளைவிட்டிருந்த நிலத்துக்குப் பக்கத்தில் சோளம் வெட்டிய அரிதாள் நின்றது. சோளத்தட்டையையும் சாக்கையும் கொண்டு அதற்குள் ஒரு மறைப்புக் கட்டுவார். அதிலிருந்து இருபத்தைந்து அடி தள்ளி, அன்று காலை முதலில் சுட்ட புறாக்களை நிலத்தில் உட்கார்த்துவார். ஒவ்வொன்றின் தாடைக்குக் கீழும் கவைக்குச்சி ஒன்று. செத்த தலை அதில் நிமிர்ந்து நிற்கும். எல்லாம் காற்றை நோக்கி இருக்க வேண்டும், ஏனென்றால் புறா காற்றுக்கு எதிராகத்தான் இறங்கும். நடுவில் ஒரு வட்டத்தை வெறுமையாக விடுவார். வருகிறவற்றுக்கு அதுதான் இடம். முதலில் வரும் இரண்டைச் சுட மாட்டார்.

"அதுகள் இறங்கித் தின்னட்டும் பிள்ளை. மிச்சம் நம்பி வரும். பிறகு பாப்பம்."

ஆனால் செத்த புறாவை நம்பாத புறாக்களும் உண்டு. அதற்காக அவர் ஓர் உயிருள்ள புறாவை வைத்திருந்தார். வன்னியில் இதைப் பார்வை வைக்கிறது என்பார்கள் என்று சொன்னார். ஆட்டப்பலகை போல ஒரு சிறு பலகை. அதில் காலில் கட்டிய புறா. பலகையிலிருந்து மறைப்பு வரை ஒரு கயிறு. கயிற்றை இழுத்தால் பலகை சரியும். புறா விழாமலிருக்கச் சிறகடிக்கும். மேலே பறப்பவற்றுக்கு, தங்களில் ஒன்று இப்போதுதான் இறங்குகிறது என்று தோன்றும்.

அந்தப் புறாவை அவர் பிடித்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. சிறகில் ஒரு சன்னம் பட்டு விழுந்தது. சாம்பல் நீலம், கழுத்தில் பச்சை மினுக்கம். ஆட்களைக் கண்டால் வெருண்டு தலையைப் பலகையில் அடித்தது. ஆகவே அதன் கண்களைத் தைத்தார். நான் முட்டைத் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். மெல்லிய ஊசி, வெள்ளை நூல். மேல் இமையில் நாலு, கீழ் இமையில் நாலு. சேர்த்து இழுத்து முடிச்சுப் போட்டார். இயந்திரம் பூட்டுகிற கை, கொஞ்சமும் நடுங்கவில்லை.

"நோகாதோ அங்கிள்?"

"நோகும். ஆனால் பாத்தீரோ, இப்ப எவ்வளவு அமைதி."

உண்மைதான். அமைதியாக இருந்தது. அதன் காலில் எண்கள் பொறித்த ஒரு நீல வளையம் இருந்தது. சுட்டு விழுத்தியவற்றிலும் சிலவற்றின் காலில் அப்படி வளையங்கள் இருந்தன.

"அங்கிள், இது ஆரோ வளர்க்கிறது போலை கிடக்கு."

"வளர்க்கிறவன் வீட்டிலை வைச்சுத் தீன் போடாமல் பட்டாணி வயலுக்கு அனுப்புவானோ? இது கவுண்மேந்து போட்ட நம்பரா இருக்கும். எங்கடை பக்டரியிலை கதிரைக்கும் நம்பர், கக்கூசுக்கும் நம்பர்."

பாரெட்டிடம் கேட்டேன். அவர் வளையத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என் பட்டாணியைத் தின்றால் அது என் வயல் பறவை" என்றார். சிரித்துக்கொண்டு கொட்டிலுக்குள் போய்விட்டார்.

ஏழாவது வீடு பட்டறையிலேயே கிடைத்தது. ஸாமிட் என்பவர் அவருடைய பகுதிக்கு மேற்பார்வையாளர், மால்டாவிலிருந்து வந்தவர். தன் வீட்டுக்குப் பக்கத்தில் அவருக்கு இன்னொரு வீடு இருந்தது. ஃபைப்ரோ அட்டைச் சுவர், இரண்டு அறை, காலியாகக் கிடந்தது. "ஞாயிற்றுக்கிழமை உனக்காகப் பேசும் அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வா, பேசுவோம்" என்று சொல்லியிருந்தார். ஸாமிட் பந்தயப் புறா வளர்ப்பவர் என்பது பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் கேதீஸ்வரனோடு பேசுகிறவர்கள் அங்கே யாரும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கு முதல் நாள், சனிக்கிழமை, வழக்கம்போல வயலில் இருந்தோம். மத்தியானத்துக்குப் பிறகு வடக்கிலிருந்து ஒரு கூட்டம் உயரத்தில் வந்தது. வயல் புறாக்கள் போலச் சிதறிப் பறக்காமல் நெருக்கமாக, ஒரே குறியாகப் போய்க்கொண்டிருந்தது. கேதீஸ்வரன் கயிற்றை இழுத்தார். பலகையில் குருட்டுப் புறா சிறகடித்தது. கூட்டம் ஒரு வட்டம் போட்டது. களைத்துப்போன நாலு மட்டும் பிரிந்து, அந்த வெறும் வட்டத்தில் வந்து இறங்கின. இறங்கியதும் தின்னக்கூட இல்லை, வாயைத் திறந்தபடி நின்றன.

நாலையும் சுட்டு எடுத்தார்.

"வடிவான புறாக்கள். நெஞ்சைப் பாரும், கல்லு மாதிரி. இதை வேறையா வைப்பம்."

ஞாயிற்றுக்கிழமை ஸாமிட் வீட்டில் நல்ல வரவேற்பு. அவருடைய மனைவி தேநீர் தந்தார். பக்கத்து வீட்டைத் திறந்து காட்டினார்கள். கேதீஸ்வரன் குசினியில் குழாயைத் திறந்து மூடினார், மறுபடி திறந்து மூடினார். அடுப்பில் நாலு வளையங்களையும் தொட்டுப் பார்த்தார். பிள்ளைகளுக்குக் கட்டில் போடும் சுவரைக் கையால் அளந்தார். திரும்பி வந்து மேசையில் உட்கார்ந்ததும், ஸாமிட் அந்த வீட்டுத் திறப்பை, சாவியை, எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"நல்ல வேலைக்காரன். எனக்கு அது போதும் என்று சொல்" என்றார் என்னிடம்.

சொன்னேன். கேதீஸ்வரனுடைய கண் கலங்கிவிட்டது. அவர் திறப்பைத் தொடவில்லை.

"பிள்ளை, ஒரு நிமிசம். காருக்குள்ளை சாமான் ஒண்டு கிடக்கு. வெறுங்கையோடை வந்து திறப்பு வாங்கிறதோ?"

"பிறகு குடுக்கலாம் அங்கிள்."

"சும்மா இரும். இதுதான் முறை."

பத்திரிகைத் தாளில் சுற்றிய பொதியைக் கொண்டுவந்து ஸாமிட்டின் கையில் கொடுத்தார். முதல் நாள் மாலை கராஜில் இருந்து அவரே இறகு பிடுங்கி, குடல் எடுத்து, மஞ்சள் தடவி வைத்தது. தலை இல்லை. கால்களை மட்டும் வெட்டவில்லை. வன்னியில் புறா இறைச்சி கொடுப்பவன் காலோடு கொடுப்பான். சிவந்த கால் இருந்தால்தான் அது புறா. காலில்லாமல் கொடுத்தால் காகம் சுட்டவன் என்று ஊர் சொல்லும். அந்த நாலு வடிவான புறாக்களையும் அவர் அப்படித்தான் கொடுத்தார், காலில் வளையங்களோடு.

ஸாமிட் தாளைப் பிரித்தார். மனைவி எட்டிப் பார்த்து, பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார். ஸாமிட் ஒரு காலைத் தூக்கி எண்ணைப் படித்தார். இன்னொன்றையும் தூக்கினார்.

"இது என்னுடையது" என்றார். "இதுவும் என்னுடையது. நேற்றுப் பந்தயம். திரும்பி வரும் நேரத்தைக் குறிக்க, இருட்டும் வரை மணிக்கூட்டை மடியில் வைத்துக்கொண்டு இவற்றுக்காகக் கொல்லையில் உட்கார்ந்திருந்தேன்."

நான் தமிழில் சொல்லத் தொடங்கினேன். கேதீஸ்வரன் கைகாட்டித் தடுத்தார். அந்த முகத்தைப் பார்த்தே அவருக்கு விளங்கிவிட்டது.

"நீல வளையம். பெட்டை. எழுபத்து நாலில் பொரித்தது. இரண்டு வாரமாக வரவில்லை. அதையும் தின்றாயா என்று கேள்."

இதைச் சொன்னதும் கேதீஸ்வரன் கதிரையிலிருந்து எழுந்துவிட்டார்.

"இல்லை, இல்லை! அது உயிரோடை இருக்கு. உயிரோடை இருக்கெண்டு சொல்லும் பிள்ளை. இப்பவே கொண்டு வாறன்."

ஸாமிட் திறப்பைத் தன் பக்கம் இழுத்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

"அவள்தான் என் கூட்டிலேயே சிறந்தவள். கொண்டு வரட்டும். அதற்குப் பிறகு திறப்பைப் பற்றிப் பேசலாம்."

கெல்லிவில்லுக்கு அவர் அப்படிக் கார் ஓட்டி நான் பார்த்ததில்லை. கொட்டிலில் பாரெட் முட்டை துடைத்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"மால்டாக்காரனுடையதா?" விழுந்து விழுந்து சிரித்தார். "இங்கே பாதிப் பேர் பந்தயப் புறா வளர்க்கிறார்கள். வளையம் என்றால் அதுதான்."

"உங்களுக்குத் தெரிந்திருந்தது."

"எனக்குப் பட்டாணி பற்றித்தான் கவலை, பெண்ணே."

கேதீஸ்வரன் சவர அலகால் நூலை அறுத்தார். ஒரு கண் திறந்தது. மற்றது திறந்தும் பால் போல வெள்ளையாக இருந்தது. தண்ணீர் தொட்டுத் துடைத்தார், ஊதினார், மறுபடி துடைத்தார். பிறகு ஒரு சப்பாத்துப் பெட்டியில் வைத்து என் மடியில் தந்தார். வழி முழுதும் அது பெட்டிக்குள் ஆடாமல் இருந்தது. கார் சரியும்போது மட்டும், பழக்கத்தில், சிறகடித்தது.

"கண்ணைப் பற்றிக் கேட்டால் முள்ளுக் குத்தினதெண்டு சொல்லுங்கோ. என்ரை பிள்ளையளை நினைச்சுச் சொல்லுங்கோ."

ஸாமிட் கொல்லையில் புறாக் கூட்டுக்கு முன்னால் நின்றார். பறவையை வாங்கி, நெஞ்சைத் தடவி, சிறகை விரித்துப் பார்த்து மடித்தார். பறவை அவர் கையில் தலையைச் சாய்த்து முனகியது. அதன் பிறகுதான் முகத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"கண்ணுக்கு என்ன?"

"முள்" என்றேன்.

அவர் விரல் நுனியால் இமையைத் தடவினார்.

"முள்ளா? மேலே நாலு, கீழே நாலு. எவ்வளவு ஒழுங்கான முள்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சத்தம் சிறிதுதான், காய்ந்த குச்சி முறிவது போல. அவர் கழுத்தைத் திருகிய பறவையை சப்பாத்துப் பெட்டியில் வைத்து, மூடியை மூடி, கேதீஸ்வரனிடம் நீட்டினார்.

"இதையும் சமைத்துச் சாப்பிடச் சொல். வீடு வாடகைக்குப் போய்விட்டது."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. ஆறு வாசல்களில் அவர் அதைக் கேட்டிருந்தார்.

திங்கட்கிழமை பட்டறையில் அவருடைய சாப்பாட்டுப் பெட்டிக்குள் எட்டுப் புறாக்கால்கள் இருந்தன. சோற்றின்மேல் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். அதை அவர் அம்மாவிடம் சொல்லவில்லை. பெட்டியைக் கழுவக் கொண்டுவந்தபோது என்னிடம் சொன்னார்.

வேலையை அவர் விடவில்லை. விட்டால் பிள்ளைகளை எப்படிக் கூப்பிடுவது? செப்டெம்பர் கடைசியில் சிவனேஸ்வரி அன்ரியும் பிள்ளைகளும் வந்தார்கள். விமான நிலையத்திலிருந்து நேரே கெல்லிவில்லுக்குத்தான் போனோம். பட்டாணி வயலின் ஓரத்தில், குளத்துக்குப் பக்கத்தில், பாரெட் தீன் மூட்டை வைத்திருந்த ஒரு தகரக் கொட்டில். மின்சாரம் இல்லை. புறாக்கள் வயலில் இறங்காத வரை இருக்கலாம் என்று பாரெட் சொல்லியிருந்தார்.

அன்ரி கூறைச்சேலையோடு கொட்டில் வாசலில் நின்றபடி உள்ளே பார்த்தார்.

"இதுவோ வீடு?"

"கொஞ்ச நாளைக்கு."

"குசினி எங்கை?"

"வெளியிலை."

பிள்ளைகள் இருவரும் அரிதாளுக்குள் ஓடிப்போய், கவைக்குச்சியில் தலை நிமிர்த்தி உட்கார்ந்திருந்த புறாக்களைக் கண்டு கூப்பிட்டார்கள். அவை பறக்கவில்லை என்று ஆச்சரியப்பட்டார்கள்.

மூன்று வருடம் அங்கே இருந்தார்கள். நான் முட்டை வாங்கப் போகும்போதெல்லாம் பலகையில் ஒரு புறா இருந்தது. எப்போதும் அதே புறா அல்ல. பந்தயம் சனிக்கிழமைகளில் என்பதும், பறவைகள் வடக்கிலிருந்து எத்தனை மணிக்கு வரும் என்பதும் இப்போது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அந்த நேரத்தில் வயல் புறாக்களை அவர் தொடவே மாட்டார். காத்திருப்பார். மற்ற நாட்களுக்கு ஒரு பெட்டித் தோட்டா, சனிக்கிழமைக்கு மட்டும் இரண்டு.

அம்மாவுக்கு ஒவ்வொரு வாரமும் ஒரு பொதி கொடுத்துவிடுவார். இறகு பிடுங்கி, மஞ்சள் தடவி, மிகச் சுத்தமாக இருக்கும். அம்மா ஒரு நாள் அதைப் பிரித்துவிட்டுக் கேட்டாள்.

"கேதீஸ், உங்கடை ஊர் ஆக்கள் காலோடையெல்லோ குடுக்கிறது?"

"முந்தி அக்கா" என்றார் அவர். "இப்ப வெட்டிப் போட்டுத்தான் குடுக்கிறன்."