ஒவ்வோர் அறைக்கும் இரண்டு கதவு

மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் சர்ச்சிலிருந்து திரும்பி வந்தபோது, ஹால் கூரையின் பூச்சு ஒரு பாய் அளவுக்குப் பெயர்ந்து சாப்பாட்டு மேசை மேல் கிடந்தது. வழக்கமாக அந்த நேரத்தில் நாங்கள் உட்காரும் இடம் அது. அன்று பிரசங்கம் நீண்டுவிட்டது.

"ஆண்டவர் காப்பாத்தினாரு" என்று சொல்லிவிட்டு அம்மா துடைப்பம் எடுக்கப் போனாள்.

நான் தம்பிக்குப் போன் செய்தேன். அவனுக்கு நகரத்தின் மறுமுனையில், ஹெப்பகோடியில் வேலை. அங்கேயே மனைவி, மகளோடு வாடகை வீட்டில் இருந்தான்.

"சர்ச்சுக்கு வாரத்துல ஒரு நாள்தான்க்கா போறோம். மிச்ச ஆறு நாள் என்ன பண்றது?" என்றான். அந்த வாரமே ஓர் இன்ஜினியரை அழைத்துவந்தான்.

லிங்கராஜபுரத்தில் இருக்கும் அந்த வீட்டை அப்பா கட்டியபோது நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன் நாங்கள் கோலார் தங்கவயலில் இருந்தோம். சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் இருக்க மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்து நிறுத்துவது அப்பாவின் வேலை. அதை விட்டுவிட்டு பெங்களூருக்கு வந்து, சொந்தமாக வீடு கட்டும்போது, யாரிடமும் பிளான் வாங்கவில்லை. சுவர்கள் ஒன்றரை அடி தடிமன். ஹாலின் நடுவே யாரும் கேட்காத ஒரு தூண். ஒவ்வோர் அறைக்கும் இரண்டு கதவு. ஒரு வழி அடைத்துக்கொண்டால் இன்னொரு வழி வேண்டும் என்பது அவர் கணக்கு. கட்டில் போட ஒரு முழுச்சுவர் கிடைக்காது. பீரோ எங்கே வைத்தாலும் ஏதோ ஒரு கதவை மறைக்கும். குளியலறைக்கும் இரண்டு கதவு, ஒன்று ஹாலுக்கு, ஒன்று கொல்லைக்கு. இரண்டையும் தாழிட்டுவிட்டுத்தான் குளிக்க வேண்டும். ஒன்றை மறந்துபோனவர்கள் எங்கள் குடும்பத்தில் எல்லோருமே. அதைப் பற்றி யாரும் பேசிக்கொள்வதில்லை.

அப்பா இறந்த பிறகு அந்த வீட்டில் நானும் அம்மாவும்தான். நான் பள்ளிக்கூடத்தில் ரசாயனம் சொல்லிக்கொடுக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கு வீட்டைக் குறை சொல்ல முடியாது.

வந்த இன்ஜினியர் பைக் சாவியால் சுவர்களைத் தட்டிப் பார்த்தார். கதவுகளை எண்ணினார். சந்தேகம் வந்து மறுபடி எண்ணினார்.

"மேடம், இதை ரீமாடல் பண்ண முடியாது. இடிச்சுட்டுக் கட்டிக்குங்க" என்றார்.

தம்பிக்குத் திருப்தி. எனக்கு இல்லை. என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியை சொன்ன இன்னொரு இன்ஜினியரை நான் கூப்பிட்டேன். அந்தப் பெண் அரை நாள் செலவழித்துப் பார்த்தார். கூரையில் இருக்கும் கம்பிகள்தான் துருப்பிடித்திருக்கின்றன, அவற்றை மட்டும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டால் போதும், சுவர்கள் நம் எல்லோரையும் விட அதிக நாள் இருக்கும் என்றார்.

ஆக, வீட்டை இடிக்கத்தான் வேண்டும், இடிக்கவே கூடாது என்று எங்களிடம் இரண்டு நிபுணர் கருத்துகள் இருந்தன.

அடுத்த நான்கு மாதம் ஞாயிறுதோறும் தம்பி வந்தான். மூன்று மாடி கட்டி, ஒன்றில் அவன் குடும்பம், ஒன்றில் நாங்கள், ஒன்று வாடகைக்கு என்றான். லிஃப்ட் வைக்கலாம், அம்மாவுக்கு முட்டி வலி என்றான். நான், அம்மா இத்தனை வருஷம் அப்பாவோடு வாழ்ந்த வீடு, அதை இடித்தால் அவள் தாங்கமாட்டாள் என்றேன். அவன் அம்மாவின் முட்டிக்காகப் பேசினான், நான் அம்மாவின் மனசுக்காகப் பேசினேன். குரல் உயர்ந்தபோதெல்லாம் அம்மா எழுந்து சமையலறைக்குப் போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள். அவளுக்கு வேதனையாக இருக்கிறது என்று இருவருமே நினைத்தோம். அதற்கும் ஒருவரையொருவர் குற்றம் சொன்னோம்.

கடைசியில் தம்பி கொஞ்சம் இறங்கிவந்தான். ரீமாடலுக்கு என்னென்ன வேலை ஆகும் என்று பார்க்கச் சொல்லி ஒரு மேஸ்திரியை வரவழைத்தோம். ஜீவனஹள்ளிக்காரர், வயதானவர். டேப்போடு ஒவ்வோர் அறையாக அளந்துகொண்டு சமையலறைக்கு வந்தார். அம்மா அடுப்பில் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இந்த மேடை எவ்ளோ எத்தரம் வேணும் உங்களுக்கு?" என்றார். உயரத்தை மட்டும் கன்னடத்தில் கேட்டார்.

அம்மா கரண்டியை வைத்தாள்.

"என்னையா கேக்கறீங்க?"

"சமைக்கிறது நீங்கதானேம்மா?"

அம்மா தான் நின்றிருந்த பலகையிலிருந்து கீழே இறங்கினாள். சமையல் மேடை அவளுக்கு நெஞ்சு வரை வந்தது. மேஸ்திரி மேடையைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

அந்தப் பலகை எப்போதும் அங்கேதான் கிடந்தது. தரை ஈரத்துக்காகப் போட்டிருக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு முறை கரையான் அரித்தபோது புதுப் பலகை வாங்கிவந்ததே நான்தான். அப்பா ஆறடி. மேடையைத் தன் இடுப்புக்கு அளந்து கட்டியிருக்கிறார். நானும் அப்பா மாதிரி வளர்ந்துவிட்டதால் எனக்கு அது சரியாக இருந்தது.

"ஏம்மா சொல்லவே இல்ல?" என்று கேட்டேன்.

"யார் கேட்டீங்க?" என்றாள் அம்மா. கோபமெல்லாம் இல்லை. நேரம் என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னாள். பிறகு, "இடிச்சுடுங்க" என்றாள்.

ஹாலில் இருந்த தம்பி உள்ளே வந்தான். நான்கு மாதமாக அவன் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான். ஆனால் அவன் முகம் மாறிவிட்டது.

"அம்மா, அப்பா கட்டின வீடும்மா."

"தெரியும். நானும்தான் கல்லு சுமந்தேன்."

"எவ்ளோ ஸ்ட்ராங்கா கட்டியிருக்காரு பாரும்மா. சுவரு எல்லாம்..."

"டேய், உங்கப்பா எனக்காகக் கட்டல. தலைமேல விழக் கூடாதுன்னு கட்டினாரு. அவர் இருந்த வரைக்கும் விழல. போதும்." குழம்பைப் பார்த்துத் திரும்பினாள். "சுரங்கத்துல வேலை செஞ்சப்போ கூடவே இருந்தவங்க ரெண்டு பேரை உள்ளேருந்து தூக்கினு வந்தாரு. அதுக்கப்புறம் ஒரே கதவு இருக்கற ரூம்ல அவருக்குத் தூக்கம் வராது. அவருக்கு இந்த வீடு வேண்டியிருந்தது. நான் இருந்தேன். எனக்கு வேண்டியதில்ல."

அந்த இரண்டு பேரைப் பற்றி நாங்கள் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை. தம்பி ஹாலுக்குத் திரும்பிப் போய்த் தூணில் சாய்ந்து நின்றான். மேஸ்திரி டேப்பைச் சுருட்டி மெதுவாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. ஆனால் மேஸ்திரி முன்னால் அழ ஒரு மாதிரி இருந்ததால் சமையலறையின் இன்னொரு கதவு வழியாகக் கொல்லைக்குப் போனேன். அந்த நேரத்துக்கு அது வசதியாக இருந்தது.

பக்கத்துத் தெருவில் வாடகைக்கு மாறினோம். இடிக்கும் ஒப்பந்தக்காரர் பத்து நாள் என்றார். பத்தாம் நாள் கூரையும் ஒன்றரைச் சுவரும் போயிருந்தன. அவருடைய இடிக்கும் யந்திரம் ஒன்று பழுதாகி, வேறொன்று வந்தது. ஹால் தூணுக்கு மட்டும் மூன்று நாள் ஆயிற்று. ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியில் என்னை நிறுத்தினார்.

"மேடம், உங்கப்பா மேல எனக்கு நிறைய மரியாதை. ஆனா மனுஷன் இப்படிக் கட்டக் கூடாது."

அம்மா தினமும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் குடையும் எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து பார்த்தாள். முட்டி வலியைப் பற்றி அந்த நாட்களில் பேச்சே இல்லை. கடைசிச் சுவர் விழுந்த அன்று நான் வகுப்பில் இருந்தேன். மாலையில் வந்து, "எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"தூசி" என்றாள். அன்றைக்கு மட்டும் இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டாள்.

புது வீடு கட்டி ஒரு வருஷம் ஆகிறது. தம்பி மேலே இருக்கிறான். இங்கிருந்து ஹெப்பகோடிக்குப் போய்வர தினமும் மூன்று மணி நேரம் ஆகிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான். சுவர்கள் மெல்லியவை. அவன் சொல்வது எங்களுக்குக் கேட்கிறது.

வீட்டைப் பார்க்க வருகிறவர்கள் நன்றாக இருக்கிறது என்பார்கள். அம்மா அதை அவ்வளவாகக் காதில் வாங்குவதில்லை.

"பழைய வீட்டை இடிக்க நாப்பது நாள் ஆச்சு" என்பாள். "ரெண்டு மிஷின். அந்த ஆளு கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனான். எங்க வூட்டுக்காரரு கட்டினது."

உண்மையில் முப்பத்து நான்கு நாள். நான் திருத்துவதில்லை.