நானாக விடவில்லை

என்னை வேலையை விட்டு அனுப்பினார்கள். நானாக விடவில்லை. இதை அரசாங்கத்துத் தாளில் எழுத வைக்க நான் பட்ட பாடு, அந்த வேலையில் சேரப் பட்ட பாட்டைவிடப் பெரிது.

மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தேன். ரப்பர் வளையத்தில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. ஆர்டர் குறைந்தது. ஒரு மதியம், சாப்பிட்ட கை காயுமுன் எங்களில் பலரை ஹெச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டார்கள். சொந்தக் காரணத்துக்காக ராஜினாமா செய்கிறேன் என்று ஆளுக்கொரு கடிதம் அச்சடித்துத் தயாராக இருந்தது.

"சைன் பண்ணிடுங்க மேடம். டெர்மினேஷன்னு வந்தா அடுத்த கம்பெனியில யோசிப்பாங்க. ரிசைன்னா டீசன்ட்டா இருக்கும்" என்றார் அங்கிருந்த இளைஞர். என் நல்லதை நினைத்து இரவெல்லாம் தூங்காதவர் மாதிரி முகம்.

"எனக்கு எந்தச் சொந்தக் காரணமும் இல்லையே சார். உங்க காரணத்துக்கு நான் ஏன் கையெழுத்துப் போடணும்?"

மற்றவர்கள் போட்டார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், அவரவர் வீட்டுப் பாடு அவரவருக்குத்தான் தெரியும். நான் போடவில்லை. மறுநாள் என் அட்டைக்குக் கம்பெனி கேட் திறக்கவில்லை.

மாதாமாதம் சம்பளத்தில் பிடித்த காப்பீட்டில், வேலை போனவருக்குச் சில மாதங்கள் ஒரு தொகை தரும் ஏற்பாடு இருந்தது. விண்ணப்பித்தேன். அதில் ஒரு நிபந்தனை: கம்பெனி நிறுத்தியிருக்க வேண்டும், தானாக விட்டவருக்குக் கிடையாது. கம்பெனியோ, நானாகவே வருவதை நிறுத்திவிட்டேன் என்று எழுதிக் கொடுத்திருந்தது. வீட்டுக்கு ஆள் வந்து விசாரிப்பார் என்றார்கள். வரட்டுமே, மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்று தெம்பாக இருந்தேன். என் மாமியாரைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன்.

பெருங்களத்தூரில் எங்கள் குடியிருப்பு முழுக்க மாமியார் முன்னமே செய்தி பரப்பியிருந்தார். "அவளுக்குக் கால் வலி. ஷிப்ட்ல நிக்க முடியல. போதும், வூட்ல இருன்னு நாங்கதான் சொன்னோம்." எங்கள் பக்கத்தில் இதுதான் வழக்கம். பெண்ணுக்கு வேலை போனால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள விட்டுவிட்டாள் என்பார்கள். ஆணுக்குப் போனால் சொந்த பிசினஸ். மூன்றாம் மாடிக்காரர்கூட பொங்கலிலிருந்து பிசினஸ் பார்ப்பதாகத்தான் பேச்சு. இவர்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், தாம்பரத்திலிருந்து மறைமலை நகர் வரை ஒருவருக்கும் வேலை போனதே இல்லை.

விசாரிக்க வந்தவர் நான் காய்கறி வாங்கப் போயிருந்தபோது வந்தார். பக்கத்து வீட்டு அம்மாளோடு கீழே பேசிக்கொண்டிருந்த மாமியாரிடம் கேட்டார். சம்பந்தம் பேச வந்தவரை உபசரிப்பதுபோல் மோர் கொடுத்து மாமியார் பதில் சொன்னார். அந்தப் பதிலை என்னிடம் பெருமையாகத் திருப்பிச் சொன்னவரும் அவரே.

"எங்க வூட்டுப் பொண்ண எவன் சார் அனுப்புவான், அவளேதான் வுட்டுட்டான்னு பட்டுனு சொன்னேன்."

பையைக் கீழே போட்டேன். தக்காளி கட்டிலுக்கடியில் உருண்டது.

"அத்தை, அவர் காப்பீட்டு ஆபீஸ்லேர்ந்து வந்தவர். நீங்க சொன்னதை அப்படியே எழுதிட்டுப் போயிட்டார். இனி எனக்கு ஒண்ணும் கிடைக்காது."

மாமியார் முகம் வெளுத்தது. ஆனாலும் விடவில்லை. "பக்கத்துல அந்தம்மா இருக்கசொல்ல இன்னான்னு சொல்றது? தொரத்திட்டாங்கன்னா? இன்னா தப்பு பண்ணாளோன்னு பேசமாட்டாங்களா?"

அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஊர் கேட்கும் கேள்வியா, அவரே கேட்கும் கேள்வியா என்று தெரியவில்லை.

"நான் ஒரு தப்பும் பண்ணல. பண்ணாத தப்புக்கு ஒளிஞ்சிக்கவும் மாட்டேன். நாளைக்கு நீங்க என்கூட வந்து உள்ளதைச் சொல்றீங்க" என்று கத்தினேன். திருமணமான இத்தனை வருடத்தில் அவரிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. எனக்கு வருத்தமே இல்லை.

மறுநாள் காலையில் மாமியார், கல்யாணத்துக்குக் கட்டும் அரக்குப் பட்டில் வாசலில் நின்றார். பஸ் பிடித்துத் தாம்பரத்தில் இருந்த காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனோம்.

அலுவலகத்தில் கூட்டம். அதில், கையில் ஃபைலோடு எங்கள் மூன்றாம் மாடிக்காரர். எங்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்து செல்போனில் எதையோ தேடினார். போச்சு, இவர் முன்னால் மாமியார் வாயே திறக்க மாட்டார் என்று நினைத்தேன்.

அதிகாரி என் காகிதங்களைப் புரட்டினார். "உங்க வீட்லயே நீங்கதான் விட்டதா சொல்லியிருக்காங்களே மேடம்?"

"சொன்னவங்களையே கூட்டிட்டு வந்திருக்கேன் சார்."

மாமியார் மூன்றாம் மாடிக்காரரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, மீன் கடையில் பேசும் குரலில் ஆரம்பித்தார்.

"நான்தான் சார் பொய் சொன்னேன். வெக்கப்பட்டுக்கினு சொன்னேன். இவளா வுடல. தொரத்திட்டாங்க. எய்திக்கோ."

மொத்தக் கூட்டமும் திரும்பியது. அதிகாரி எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்துக்காகத் தாளை நீட்டினார். மாமியார் பேனாவைத் தொடவில்லை.

"ஒரு தப்பும் பண்ணாதவளத் தொரத்திட்டாங்கன்னு எய்து."

"அதுக்கெல்லாம் இதுல இடம் இல்லம்மா."

"ஓரத்துல எடம் கீதே, அங்க எய்து."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஓரத்தில் எழுதினார். அப்புறம்தான் மாமியார் கையெழுத்துப் போட்டார்.

பணம் பின்னால் வந்தது, வீட்டு வாடகைக்கும் பிள்ளை ஃபீஸுக்கும் போனது. அன்றைக்கு நாங்கள் எழுந்து வெளியே நடந்தபோது அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். மூன்றாம் மாடிக்காரர் குனிந்த தலையோடு நகர்ந்தார். மாமியார் அவரை வழிமறித்தார்.

"உன் பேரத்தான் கூப்புடுறாங்க தம்பி. நிமிந்து போ."