மூக்கு போன இரைக்காரன்

மீனுக்கு இரை பிசைகிற தொழிலில் மூலதனம் மூக்குதான். அது போனால் கடையைச் சாத்த வேண்டியதுதான். கருவாட்டுக் கடை, தோல் மண்டி என்று உடம்பெல்லாம் தொழில் வாடையோடு வீடு திரும்புகிறவர்களே, உங்களுக்காவது அந்த வாடை தெரிகிறது. எனக்கு அதுவும் இல்லை.

போன மூக்கு

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். அல்சூர் ஏரிப்பக்கம் தூண்டில் சாமான் கடை வைத்திருந்தேன். வறுத்த ராகி மாவு, கடலைப் பிண்ணாக்கு, சோம்பு, பெருங்காயம், வெல்லப்பாகு எல்லாம் சேர்த்துக் கெண்டைக்கு உருண்டை பிடிப்பேன். படியும் தராசும் கிடையாது. மோந்து பார்ப்பதுதான் அளவு.

ஒரு மார்கழியில் பிடித்த ஜலதோஷம் போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. ஆவி, கஷாயம், ஆஸ்பத்திரி எதற்கும் மசியவில்லை. வெளியே தெரிந்தால் யார் வாங்குவார்கள்? மனைவி ரெஜினாவிடம் மட்டும் சொன்னேன். சோறும் மண்ணும் ஒன்றாகிவிட்டதே என்று அழுகையே வந்தது. அவள் பெருமூச்சு விட்டாள்.

"இனிமே என் கொழம்பக் கொறை சொல்ல மாட்டீங்க. அது ஒண்ணுதான் லாபம்."

சைவ உருண்டை

மல்லேஸ்வரம் சேஷாத்ரி சார் சர்க்கார் உத்தியோகத்தில் ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை தவறாமல் வருவார். பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார். அவருடைய இரையில் கூனிப்பொடி, அதாவது காய்ந்த பொடி இறால், ஒரு சிட்டிகைகூடச் சேரக்கூடாது.

கூனி போட்ட டப்பா, போடாத டப்பா இரண்டும் பார்க்க ஒன்றுதான். மூடியில் நூல் கட்டி அடையாளம் வைத்தேன். ரெஜினா துடைக்கும்போது மூடியை மாற்றிவிடுவாள். வாராவாரம் குத்துமதிப்பாக ஒன்றை எடுத்துக் கொடுப்பேன். நமக்கேன் இந்த வம்பு என்று ஒருநாள், "மீன் சாப்பிடப் போற உருண்டைதானே சார்?" என்றேன்.

"சாப்பிடறது மீனா இருக்கலாம், அந்தோணி. தொடற கை என்னோடதாச்சே."

ஆல்பர்ட்டின் தும்மல்

வேறு வழியில்லாமல் வாடிக்கையாளர்களின் முகத்தையே மூக்காக வைத்துக்கொண்டேன். உருண்டையை நீட்டுவேன், அவர்கள் முகம் சுளித்தால் பதம் சரி.

ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆன ஆல்பர்ட், ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து ஒரு சனிக்கிழமை வந்தார். நீட்டினேன், முகத்தில் அசைவே இல்லை. பெருங்காயம் கூட்டினேன். அப்போதும் இல்லை. சோம்பு, மறுபடி பெருங்காயம். உள்ளேயிருந்து ரெஜினா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவுக்கே ஓடினாள். பின்னால் நின்ற சேஷாத்ரி சார் இரண்டடி நகர்ந்தார். ஆல்பர்ட் ஒரு தும்மல் போட்டுவிட்டு என்னை உற்றுப் பார்த்தார்.

"எனக்கு மூணு நாளா மூக்கடைப்பு மேன். உனக்கு என்னா?"

வெறும் தூண்டில்

கடை முடிந்தது என்று நினைத்தேன். ஒளித்து ஒளித்து அலுத்துப்போயிருந்தது. அங்கேயே இருவரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். ஆல்பர்ட் அந்த உருண்டையையே வாங்கிக்கொண்டு போனார். சேஷாத்ரி சார் போகவில்லை. "உங்களுக்கு எத்தனை தடவை கூனியைக் கொடுத்தேனோ, மன்னிச்சுக்குங்க சார்" என்றேன். அவர் வழக்கம்போல இரைக்குக் கை நீட்டினார்.

"ரெண்டு வருஷமா தெரியும், அந்தோணி. கூனி வாடை அடிச்சா ஏரியில கொட்டிட்டு, வெறும் தூண்டிலைப் போட்டுண்டு உக்காந்திருப்பேன். சொன்னா நீங்க கடையை மூடிடுவேளோன்னு பயம்."

தெரிந்துபோன ரகசியத்தைக் காப்பாற்ற நான் பட்ட பாட்டில் கால்வாசி பட்டிருந்தால், அந்த இரண்டு டப்பாவுக்கும் வேறு வேறு பெயிண்ட் அடித்திருக்கலாம்.