துண்டா, போர்வையா?

ரஃபீக் போய்விட்டான்.

நேற்று அதிகாலை, ஹார்ட் அட்டாக். அவன் மனைவி போன் செய்தபோது நான் ஃப்ரீவேயில் இருந்தேன். அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, ஏதோ ஒரு கடை பார்க்கிங்கில் காரை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்...

சாயங்காலத்துக்குள் அடக்கம். ஹூஸ்டனை ஒட்டிய கேட்டியில் இருக்கிற தமிழர்களில் பாதிப்பேர் பள்ளிவாசலுக்கு வந்திருந்தார்கள். எனக்கு இவ்வளவு கூட்டம் வராது என்று அங்கே நிற்கும்போதே தோன்றியது. அந்த நேரத்திலும் அவன்மேல் பொறாமை.

ரஃபீக்கைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஹூஸ்டனில் ஒரே ஆபீஸ், பக்கத்து சீட், ஒரே கார்பூல். அவன் கீழக்கரை, நான் ஈரோடு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், லஞ்ச் டேபிளில் பழைய டிவி பற்றிப் பேச்சு வந்தது. நாங்கள் சின்னப் பையன்களாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பழைய அமெரிக்க சூப்பர்ஹீரோ சீரியல் போடுவார்கள். முழுக்க இங்கிலீஷ். ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் தெருவே உட்கார்ந்து பார்க்கும்.

ஹீரோவின் தோளிலிருந்து முதுகுப்பக்கம் ஒரு துணி தொங்கும். பறக்கும்போது படபடவென்று அடிக்கும். அதனால் எங்கள் தெருவில் அவன் பெயர் துண்டுக்காரன்.

"துண்டா? அது போர்வைடா! எங்க ஊர்ல போர்வைக்காரன்னுதான் சொல்லுவோம்" என்றான் ரஃபீக்.

அன்றைக்கு ஆரம்பித்த சண்டை.

இரண்டு பேருக்கும் மறக்காத எபிசோட் ஒன்றேதான். கடலோரத்தில் ஒரு லைட் ஹவுஸ். ராத்திரியானால் அதன் விளக்கு அணைந்துவிடும், கப்பல்கள் பாறையில் மோதும். அணைப்பது யார்? ஹீரோ படியேறி மேலே போகிறான்... கதவைத் திறக்கிறான்... "தி கீப்பர்!" என்று கத்துகிறான்...

எங்கள் ஊரில் கரண்ட் போய்விட்டது.

எங்களுக்குத் தெரிந்த ஒரே கீப்பர், விக்கெட் கீப்பர். ஈரோட்டில் கடலும் கிடையாது, லைட் ஹவுஸும் கிடையாது. எவனோ ஒரு கிரிக்கெட்காரன் கிளவுஸ் போட்டுக்கொண்டு வந்து விளக்கை அணைத்திருக்கிறான் என்று தெருவே கூடி முடிவு செய்தது.

இதை நான் லஞ்ச் டேபிளில் சொன்னபோது யாரோ ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். அடுத்த வாரம் அதே கதையை ரஃபீக் எழுந்து நின்று சொன்னான். ஸ்டம்புக்குப் பின்னால் குனிகிற மாதிரி குனிந்து, கிளவுஸ் மாட்டி, விளக்கை அமுக்கிக் காட்டினான். அந்த ஃப்ளோரே சிரித்தது.

என் கதைடா அது!

"நீ முடிவைப் பாத்தியாடா?" என்று கேட்டேன்.

"பாத்தேனே."

"யாருடா அணைச்சது?"

"சொல்றேன் சொல்றேன்... என்னா அவசரம்?"

வருஷக்கணக்காக இதே பதில். ஆன்லைனில் நான் தேடாத இடமில்லை. சீரியல் கிடைக்கிறது, அந்த எபிசோட் மட்டும் இல்லை. அவன் பார்த்துவிட்டான், நான் பார்க்கவில்லை... சிரிக்காதீர்கள், நிஜமாகவே வயிறு எரியும்.

அப்புறம் நிலா. என் மகள்.

எனக்கு லேட் மீட்டிங் இருக்கிற நாட்களில் ஸ்கூலிலிருந்து அவளை ரஃபீக்தான் கூட்டி வருவான். வீட்டில் நான் "சாப்ட்டியா கண்ணு?" என்றால் "யா டாட்." "ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்றால் "நத்திங்." அவ்வளவுதான் எங்கள் உரையாடல்.

ஒருநாள் மீட்டிங் கேன்சலாகி நானும் ஸ்கூலுக்குப் போய்விட்டேன். பார்க்கிங்கில் அவன் கார் ஜன்னல் திறந்திருந்தது.

"அங்கிள், வாட் ஹேப்பன்ட் நெக்ஸ்ட்?"

"அங்கிள்னா எனக்குக் காது கேக்காது மருமவளே."

"மாமா... மாமா... அப்புறம் என்னாச்சு? வெளக்கை யாரு அணைச்சா?"

என் மகள். தமிழில். கெஞ்சிக்கொண்டிருந்தாள்! என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் கப்சிப்.

ரஃபீக் புண்ணியத்தில் நிலா தமிழ் பேசுகிறாள் என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன். உள்ளே புகைந்தது.

நேற்று அடக்கம் முடிந்து திரும்பும்போது, பின் சீட்டில் நிலா அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்தாள். கேட்கிற நேரம் இல்லைதான். கேட்டுவிட்டேன்.

"அந்த லைட் ஹவுஸ் கதை... கடைசில யாரு கண்ணு?"

சொன்னாள். தமிழில்.

"கீப்பர்தான். அங்க வேலை பாக்குறவரு. பெரிய கிளவுஸ் போட்டிருந்தாரு, விக்கெட் கீப்பர் போடுவாங்கல்ல, அது. அதான் வெளக்குல ஃபிங்கர்பிரிண்ட்டே இல்ல. யாராலயும் புடிக்க முடியல."

கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். "மாமா இதை டிவில பாத்தாரா?"

"இல்ல. மாமா ஊர்லயும் கரண்ட் போயிருச்சாம். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "இதை யாரு கண்டுபுடிச்சான்னு கேட்டேன். ஒன் வாப்பாதான், சின்னப்புள்ளையிலயே கண்டுபுடிச்சிட்டாரு, அப்டின்னாங்க."

வாப்பா. என்னைத்தான் சொல்கிறாள்.

அவள் பேசியதில் ஒரு வார்த்தைகூட ஈரோடு இல்லை. அத்தனையும் கீழக்கரை.

"அப்புறம் ஹீரோ போர்வையை விரிச்சு, கப்பல்ல இருந்த எல்லாரையும் அதுல ஏத்திக் கரைக்குக் கொண்டாந்தாரு."

"துண்டு, கண்ணு."

"நோ டாட். போர்வை."

வீடு வரும்வரை வாதாடிப் பார்த்தேன். அசையவில்லை.

போய் வாடா ரஃபீக்.

அது துண்டுதான்டா... முடிந்தால் வந்து சண்டை போடு.