கையை அசைக்காதவர்

கட்டட வேலை நடக்கிற இடத்தில் கிரேனுக்குச் சைகை காட்டுவது அவர் வேலை. ஆபரேட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் இருப்பார். சுவருக்குப் பின்னால் இறங்குகிற கம்பிக் கட்டு அவருக்குத் தெரியாது. கீழே நிற்கிறவருடைய கையை நம்பித்தான் எல்லாம். விரலை மேலே சுழற்றினால் ஏற்று, கீழே காட்டினால் இறக்கு, கையை இறுக மூடினால் நிறுத்து. இதில் எதிலும் சேராத அசைவைக் கண்டாலும் நிறுத்திவிட வேண்டும். அதனால் சைகை காட்டுகிறவர் மூக்கு அரித்தால் சொறியக் கூடாது, வியர்வை கண்ணில் இறங்கினால் துடைக்கக் கூடாது. இப்படியே பல வருடம் நின்றதில் கூட வேலை பார்ப்பவர்கள் அவருக்குச் 'சிலை' என்று பேர் வைத்தார்கள். வீட்டில் மனைவி வைத்த பேர் கல்லுளிமங்கன். இரண்டுமே பாராட்டல்ல என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் முதல் பேரில் உள்ளூரக் கொஞ்சம் பெருமை இருந்தது.

கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகி, வேர் சிகிச்சை செய்ய வேண்டும் என்று ஆனபோது அந்தப் பெருமைதான் அவரைக் கவிழ்த்தது. பல் மருத்துவர் வயதில் இளையவர், சுறுசுறுப்பான பெண். மரத்துப் போக ஊசி போட்டார். வலித்தால் சொல்லுங்கள் என்றார். வாய்க்குள் இரண்டு கையும் ஒரு குழாயும் இருக்கையில் எதைச் சொல்வது? வீங்கிய பல்லில் ஊசி சரியாகப் பிடிக்கவில்லை. நரம்பைத் தொட்டதும் வலி உச்சந்தலை வரை சுண்டி இழுத்தது. அவர் அசையவில்லை. ஒருவர் நுட்பமாக வேலை செய்யும்போது பக்கத்தில் இருப்பவன் அசைந்தால் விபத்து என்பது அவர் உடம்பில் ஊறிய பாடம். மருத்துவர் அந்த அசையாமையைப் பார்த்து, மருந்து நன்றாகப் பிடித்துவிட்டது என்று முடிவுகட்டினார். தற்காலிகமாக அடைத்துவிட்டு, இவரைப் போல எல்லோரும் இருந்தால் தன் பாடு எவ்வளவு சுலபம் என்று பாராட்டி, மீதி வேலைக்கு அடுத்த வாரம் வரச் சொன்னார்.

அடுத்த வாரம் அவர் போகவில்லை. டாக்டர் வெளியூர் போயிருக்கிறார் என்று வீட்டில் சொன்னார். அதற்கடுத்த வாரமும் டாக்டர் வெளியூரிலேயே இருந்தார்.

"அந்தம்மா பல் டாக்டரா, பைலட்டா?" என்று மனைவி கேட்டாள்.

தாங்கிக்கொள்வதை நாம் ஒரு குணமாக மதிக்கிறோம். பாதி நேரம் அது, எப்படிச் சொல்வதென்று தெரியாமை மட்டுமே. இவர் விஷயத்தில் தெரியாமையோடு கூச்சமும் இருந்தது. பாராட்டு வாங்கிய இடத்தில் போய், அன்று வலித்தது என்று எந்த முகத்தோடு சொல்வது?

கடைசியில் அவரை அனுப்பி வைத்தது வேலைதான். ஒரு சுவர்ப் பலகை அந்தரத்தில் இருந்தபோது பல் சுரீர் என்றது. கை தன்னால் கன்னத்துக்குப் போய்விட்டது. கிரேன் உடனே நின்றது. இடுப்பில் இருந்த வாக்கிடாக்கி பேசியது.

"அண்ணே, கன்னத்துல கை வெச்சா என்ன அர்த்தம்? எனக்கு யாரும் சொல்லித் தரலையே."

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் வேலை முடிந்ததும் ஹெல்மெட்டைக் கூட வைத்துவிட்டு வராமல் நேரே மருத்துவரிடம் போனார்.

மருத்துவர் பல்லை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். தற்காலிக அடைப்பு விரிசல் விட்டிருந்தது. இன்று சுத்தம் செய்துவிட்டால் பல்லைக் காப்பாற்றலாம், இன்னும் தள்ளிப்போட்டால் பிடுங்குவதுதான் வழி என்றார். நாற்காலி பின்னால் சாயத் தொடங்கியது. அவர் எழுந்து உட்கார்ந்துகொண்டார்.

"டாக்டர், போன தடவை எனக்கு வலிச்சது. ரொம்ப வலிச்சது."

மருத்துவர் கையில் எடுத்ததைத் தட்டில் வைத்தார். "நீங்க அசையவே இல்லையே?"

"அசைஞ்சா உங்க கை தவறிடும்னு இருந்தேன். இப்பவும் பயமாத்தான் இருக்கு. வாசல் வரைக்கும் வந்துட்டு ரெண்டு தடவை திரும்பிப் போயிருக்கேன்."

மருத்துவர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. தானும் அவர் முகத்தைப் பார்த்தே கணக்குப் போட்டுவிட்டதாகவும், அது தன் தப்பு என்றும் சொன்னார். பிறகு அவருடைய வேலையைப் பற்றி விசாரித்தார். அவர் சொல்லச் சொல்ல முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக் கேட்டார். கடைசியில், தனக்கும் ஒரு சைகை வேண்டும் என்றார்.

"கையை மூடினா நிறுத்தணும்," என்றார் அவர். "உடனே நிறுத்தணும். இன்னும் கொஞ்சம்தான்னு சொல்லக் கூடாது."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் புது ஆபரேட்டர்களிடம் பேசுகிற குரலில் சொன்னார். மருத்துவர் சரி என்றார்.

ஊசி போட்டு, காத்திருந்து, ஈறைக் குத்திப் பார்த்துவிட்டு வேலையை ஆரம்பித்தார். சற்று நேரத்தில் கை மூடியது. மருத்துவர் நிறுத்தி, கருவியை வெளியே எடுத்தார்.

"வலிக்குதா?"

"இல்ல. நிக்குதான்னு பார்த்தேன்."

"நின்னுதா?"

"நின்னுது."

இரண்டாவது தடவை மூடியபோது நிஜமாகவே வலி. மருத்துவர் இன்னொரு ஊசி போட்டு, மறுபடி காத்திருந்தார். அந்த நேரத்தில் கிரேன் மேலே ஆபரேட்டர் சிறுநீர் கழிக்க என்ன செய்வார் என்று கேட்டார். ரொம்ப நாளாக அவருக்கு இருந்த சந்தேகமாம். மரத்துப்போன வாயால் இவர் விளக்கியது பாதி புரியவில்லை. இருவரும் சிரித்தார்கள்.

வேலை முடிகிற நேரத்தில் ஒருமுறை விரல்கள் மடங்கத் தொடங்கின. மடங்கியவை பாதியில் நின்று, தாமாகவே விரிந்துகொண்டன. நிறுத்த முடியும் என்று தெரிந்த வலியோடு மனிதன் கொஞ்சம் பேரம் பேசலாம். அதற்காக அவரைத் தைரியசாலி என்று சொல்ல வேண்டியதில்லை. அவரே அப்படி நினைக்கவில்லை.

பல்லின் மேல் உறை போட எப்போது வரலாம் என்று அவர்தான் முதலில் கேட்டார். மருத்துவர் நாள் சொன்னார்.

"அன்னைக்கும் பயமாத்தான் இருக்கும், டாக்டர்."

"இருக்கட்டும். வந்ததும் முதல்ல அதைச் சொல்லிடுங்க. அப்புறம் வாயைத் திறங்க."